கட்டிளமைப் பருவமும் சுகாதார ஊழியர் பயிற்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, இளைப்பாறிய பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)





சங்கத்துக் காரியதரிசித் தம்பி என் வீட்டுக்கு வந்து, "அம்மா, ஆண்டு விழாவிலே சுகாதாரத்தைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டபொழுது, "எந்தச் சுகாதாரத்தைப் பற்றி?" என்று நான் கேட்டேன். "நுளம்பு, குடிதண்ணீர், எதுவாயினும் நல்லது" என்றார். "நுளம்பைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். குமர்ப் பிள்ளைகளின் தேகத்தைப் பற்றியும், அவர்களுக்கு மருந்து கொடுப்பவர்களை எப்படிப் பயிற்றவேண்டும் என்பதைப் பற்றியும் பேசுகிறேன்" என்றேன். தம்பி தலையைச் சொறிந்தார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, "பேசுங்கோ அம்மா. ஆனால் பெரியாக்கள் முன்வரிசையில இருப்பினம்" என்றார். "அவையள்தான் எனக்கு வேணும்" என்றேன். முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களுக்கு என் நன்றி முதற்கண் உரியது.

என் குற்றம்

பிறர் குற்றத்தைச் சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்வது முறை. 1980களின் தொடக்கத்தில் நான் மருத்துவமாதாக வேலை ஏற்று ஓராண்டுகூட நிறையவில்லை. கிராமத்து நிலையம் ஒன்றிலே கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக் நடக்கும் நாள். விறாந்தையிலே வாங்குகள் நிறையத் தாய்மார் இருந்தனர். அவர்களுக்குப் பின்னால், பள்ளிக்கூடச் சட்டையோடு, பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "என்ன பிள்ளை?" என்றேன். தாழ்ந்த குரலிலே, "மாதவிடாய்..." என்று தொடங்கினாள். நான் அவளை முடிக்க விட்டேனல்லேன். அத்தனை பேர் முன்னிலையிலும், "கலியாணம் முடிக்காத பெட்டைக்கு இஞ்ச என்ன வேலை? கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சத்தமாகச் சொன்னேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டாள்.

ஏறத்தாழ ஆறு கிழமை கழித்து அவளை நான் ஆசுபத்திரிக் கட்டிலிலே கண்டேன். வகுப்பிலே மயங்கி விழுந்தவளைத் தூக்கி வந்திருந்தார்கள். பெரிய பிள்ளையான நாள் முதலாக மாதந்தோறும் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று இரத்தம் பெருகிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்" என்று வீட்டிலே சொல்லிவிட்டார்கள். இரத்தம் ஏற்றி வைத்தியர்கள் அவளைக் காப்பாற்றினார்கள். கட்டிலருகே நான் நின்றபொழுது அவள் என்னை அடையாளங் கண்டு, "அண்டைக்கு இதைச் சொல்லத்தான் மிஸ்ஸி வந்தனான்" என்றாள்.

அவள் கோபித்துச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நான் மறந்திருப்பேன். நான் பயிற்சி பெற்றவள். பரீட்சையிலே நல்ல புள்ளி எடுத்தவள். மாதவிடாய்ப் பெருக்கின் காரணங்களை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வந்து நின்றால் எப்படிக் கேட்பது, எங்கே இருத்திக் கேட்பது என்று எனக்கு எவரும் கற்பித்ததில்லை. அன்றுதொட்டு இளைப்பாறும் நாள் வரையும், அதன்பின் பயிற்சி வகுப்புகளிலும், அக்குறையைத் தீர்ப்பதற்கே என்னால் இயன்றதைச் செய்து வந்திருக்கிறேன்.

தொட்டிலுக்கும் மணவறைக்கும் இடையே

நமது நாட்டுச் சுகாதார சேவை குறைந்ததன்று. 1879 இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ இல்லம் திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. அக்களுத்துறையிலேதான் இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருந்து, மருத்துவமாதர்களையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் பயிற்றுகின்றது. 1930களிலே ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த இலங்கையில், 2010களிலே அத்தொகை நாற்பதுக்குக் கீழே இறங்கிற்று. வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவமாதர்களுக்கு இப்புகழிற் பெரும் பங்கு உண்டு. ஒரு மருத்துவமாது ஏறத்தாழ 3,000 முதல் 5,000 வரையான மக்களுக்குப் பொறுப்பாளி. போர்க்காலத்திலே நமது வடபகுதியில் பல இடங்களுக்கு மருத்துவமாது இல்லாதிருந்ததும், இருந்தவர்கள் இரண்டு மூன்று பகுதிகளைச் சேர்த்துப் பார்த்ததும் இங்கிருக்கும் பெரியோர் அறிந்ததே.

ஆயினும் இச்சேவை யாருக்காகக் கட்டப்பட்டது என்று சிந்தித்துப் பாருங்கள். தாய்க்கும் சேய்க்குமாகக் கட்டப்பட்டது. மருத்துவமாதின் குடும்பப் பதிவேட்டிலே பெரும்பாலும் இல்லறத்தார் பெயரும், சிறு குழந்தை உள்ள வீட்டார் பெயருமே இருக்கும். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்ததும் நிறை பார்க்கும் நாள் முடிந்துவிடும். அப்பிள்ளை மறுபடி நமது கண்ணிற் படுவது பாடசாலை வைத்திய பரிசோதனையிலே. அதுவும் 1, 4, 7, 10 ஆம் தரங்களில், ஒரு காலைப்பொழுதிலே பல பிள்ளைகளோடு வரிசையில் நிற்கும்பொழுது. அதன்பின் கலியாணம் முடித்துக் கர்ப்பவதியாய் வந்தாற்றான் பெண்பிள்ளை நமக்குத் தெரிந்தவள் ஆகிறாள். ஆண்பிள்ளையோ நமக்குத் தெரிந்தவன் ஆவதேயில்லை.

10 வயது முதல் 19 வயது வரையுள்ள பருவத்தைக் கட்டிளமைப் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. தேகமும் மனமும் ஒருங்கே மாறும் பருவம் இதுவே. 1994 இல் கெய்ரோ நகரிலே கூடிய சனத்தொகை மகாநாடு, இப்பருவத்தினரின் இனப்பெருக்கச் சுகாதாரம் தனியே கவனிக்கப்படவேண்டியது என்று ஏற்றுக்கொண்டது. இலங்கையும் அங்கே சம்மதித்தது. நமது குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டலிலே "யௌவன் பியச" என்னும் பெயரால் இளைஞர்க்கான சுகாதார நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நிலையம் அமைப்பது எளிது. பெயர்ப்பலகை ஒரு நாளில் எழுதலாம். உள்ளே இருப்பவரைப் பயிற்றுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

தமிழிலே கற்பித்த வைத்தியர்

யாழ்ப்பாணத்தாராகிய நமக்குப் பயிற்சி என்றதும் நினைவுக்கு வரவேண்டியவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847 இல் இங்கு வந்த அவர், மானிப்பாயிலே இருந்து நம்மவர்க்கு மேலைத்தேச வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்குத் தமிழில் நூல் வேண்டுமே! தம் மாணவர் துணையோடு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். 1857 இல் பிரசவ வைத்தியத்துக்குத் தமிழ் நூல் வெளியிட்டார். 1873 இல் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார்.

இதனை நான் நினைவுபடுத்துவது ஏன்? நோயாளியின் வாயிலிருந்து வரும் மொழியிலே வைத்தியன் கற்கவேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று நமது தாதிகள் "இனப்பெருக்கத் தொகுதி" என்று புத்தகத்திற் படிக்கிறார்கள். பிள்ளை வந்து, "மிஸ்ஸி, துடக்கு வந்து மூன்று மாசமாய்க் காணேல்லை" என்கிறது. புத்தகச் சொல்லுக்கும் பிள்ளையின் சொல்லுக்கும் இடையே பாலம் போடுவதே பயிற்சியின் முதல் வேலை. நமது பயிற்சி வகுப்பிலே முதல் நாள், ஊரிலே வழங்கும் சொற்களை எல்லாம் கரும்பலகையிலே எழுதச் செய்வோம். எழுதும்பொழுது சிலர் சிரிப்பார்கள். சிலர் தலையைக் குனிவார்கள். அச்சொல்லைக் கேட்டு வகுப்பிலேயே முகம் சுளிப்பவர், பிள்ளை சொல்லும்பொழுது சுளிக்காமல் இருப்பாரா? அங்கேயே சிரித்துத் தீர்த்துவிட்டுப் போகட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

செம்புக்குள் இட்ட துண்டுகள்

இரண்டாவது பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கடதாசித் துண்டு கொடுத்து, "உமக்குப் பதினான்கு வயதாயிருந்தபொழுது எவரிடமும் கேட்கப் பயந்திருந்த கேள்வி யாது? பெயர் எழுதாமல் எழுதும்" என்போம். துண்டுகளை ஒரு செம்பிலே இட்டுக் கலக்கி, ஒவ்வொன்றாக வாசிப்போம். "நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன்" என்று முதல் மாதவிடாயைப் பற்றி எழுதியவர்கள் பலர். "இரவிலே படுக்கை நனைந்தது, நோய் என்று எண்ணினேன்" என்று எழுதிய ஆண்கள் பலர். "ஒரு பக்க மார்பு மட்டும் ஏன் பெரிது?" என்றும், "முத்தமிட்டாற் பிள்ளை உண்டாகுமா?" என்றும் எழுதியிருப்பார்கள்.

இவற்றை எழுதியவர்கள் இன்று தாதிகள், பரிசோதகர்கள், உதவி வைத்தியர்கள். வாசித்து முடித்ததும், பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தந்த துண்டுகளையும் வாசித்துக் காட்டுவோம். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அப்பொழுது வகுப்பிலே ஓர் அமைதி பிறக்கும். தாம் நின்ற இடத்திலேயே இன்று வேறொரு பிள்ளை நிற்கிறது என்று உணர்ந்தவருக்கு அப்பிள்ளையை அதட்ட மனம் வராது. ஒருமுறை ஒரு துண்டிலே, "என் மாமன் முறையான ஒருவர் என்னைத் தொடுவார், சொல்ல ஆள் இருக்கவில்லை" என்று எழுதியிருந்தது. அன்று நாங்கள் வகுப்பை இடையில் நிறுத்தி, எழுதியவர் யாராயினும் தனியே வந்து பேசலாம் என்று சொன்னோம். மாலையிலே ஒருவர் வந்தார். இருபத்தெட்டு வருடம் மனத்திலே கிடந்த பாரம் அது.

அறியவேண்டியவை சில

நிற்க, மனம் திருந்தினால் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். இங்கிருக்கும் பிள்ளைகளும் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆதலின், நாங்கள் ஊழியர்க்குக் கற்பிப்பவற்றுட் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு மூன்று வருடங்களில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவது இயல்பு. இளம் பிள்ளைகளுக்கு 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இருக்கலாம். ஆனால் ஏழு நாளுக்கு மேல் இரத்தம் போவதும், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை துணி நனைந்து மாற்றவேண்டி வருவதும் இயல்பன்று. சிலருக்கு இரத்தம் உறையும் தன்மையிலேயே பிறவிக் குறை இருக்கலாம். முதலில் அதனைக் காட்டித் தருவது இப்பெருக்குத்தான். 15 வயதாகியும் பூப்பெய்தாத பிள்ளையை வைத்தியரிடம் காட்டவேண்டும். நமது பெண்கள் பலர் இரத்தச்சோகையோடு வளர்கிறார்கள். பெரிய பிள்ளையானதும் உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நமது வழக்கம், நல்ல வழக்கம். அதனை ஒரு மாதத்தோடு நிறுத்தாமல், கீரை, மீன், பருப்பு என்று ஆண்டு முழுவதும் நீட்டினால் இன்னும் நல்லது.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். உறக்கத்திலே விந்து வெளியேறுவது நோயன்று. அதனால் இரத்தம் வற்றுவதுமில்லை, மூளை தேய்வதுமில்லை, பிற்காலத்துக்குப் பிள்ளையில்லாமற் போவதுமில்லை. பதின்மூன்று பதினான்கு வயதிலே மார்பு சிறிது வீங்கி வலிப்பதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இவற்றை எவரும் சொல்லாதபடியாற்றான், மதிலிலும் பத்திரிகை மூலையிலும் இப்பொழுது கைத்தொலைபேசியிலும் "இழந்த சக்தியை மீட்டுத் தருவோம்" என்று விளம்பரம் செய்பவர்கள் பிழைக்கிறார்கள். என் வகுப்புக்கு வந்த பரிசோதகர் ஒருவர், தமது பகுதியிலே உயர்தரம் படித்த பையன் ஒருவன் தாயின் காப்பை அடைவு வைத்து இத்தகைய லேகியம் வாங்கியதைச் சொன்னார். அவனுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. ஐந்து நிமிடம் பேசுவதற்கு ஆள் இல்லாமற் போன குறைதான் இருந்தது.

பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் 6 ஆம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலே இலவசமாகப் போடப்படுகின்றது. "இது பிள்ளையில்லாமற் செய்யும் ஊசி" என்று பேசித் தடுக்கும் பெற்றோர் சிலர் உண்டு. அப்பேச்சுக்கு ஆதாரம் ஏதுமில்லை. ஊசி போடும் தாதி, அது எதற்கென்று பிள்ளைக்கும் தாய்க்கும் நிதானமாகச் சொல்லப் பழகியிருந்தால், அவ்வதந்தி படலையோடு நின்றுவிடும்.

இளவயதிற் கர்ப்பம் பற்றியும் சொல்லவேண்டும். 20 வயது நிறையாத தாய்க்கு வலிப்பு நோயும் பிரசவத்தின் பின் கிருமித் தொற்றும் உண்டாகும் அபாயம், இருபது வயதைக் கடந்தவரிலும் அதிகம். பிள்ளை நிறை குறைந்தும் மாதம் நிரம்பாமலும் பிறப்பது அதிகம். போரின் கடைசிக் காலத்திலே, பிள்ளையைக் காப்பதற்கு வேறு வழி காணாமல், வன்னியில் இளம் பெண்களை அவசரமாகக் கலியாணம் முடித்து வைத்த பெற்றோரை நாம் குறை கூறமாட்டோம். அப்பிள்ளைகள் பட்டதையும் மறக்கமாட்டோம். 1995 இல் பொதுத் திருமணச் சட்டம் 18 வயதைத் திருமண வயதாக்கியது. அச்சட்டத்தின் பின்னால் நிற்பது தேகத்தின் நியாயமும் ஆகும்.

கேட்கும் முறை

இனிக் கேட்கும் முறை. பெரியவரிடம் "எங்கே நோகிறது?" என்று நேரே கேட்கலாம். இளம் பிள்ளையிடம் அப்படிக் கேட்டால், "தலையிடி" என்று சொல்லிப் போய்விடும். ஆகவே வாசலிலே தொடங்கி மெல்ல உள்ளே செல்லும் முறை ஒன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. முதலில் வீடு: யார் யார் இருக்கிறார்கள்? பின் பள்ளிக்கூடம் அல்லது வேலை, பின் சாப்பாடு, பின் விளையாட்டும் சிநேகிதரும், பின் புகை, மது முதலியவை, அதன்பின்னரே ஆண் பெண் உறவு பற்றிய விஷயம், முடிவிலே மனச்சோர்வு, உயிரை வெறுக்கும் எண்ணம், வீட்டிலோ வெளியிலோ ஆபத்து. இவ்வொழுங்கிலே பத்து நிமிடம் பேசினால், பிள்ளை எதற்கு வந்தது என்பது தானே வெளிவரும்.

இதனைச் சொல்லிக் கொடுத்தால் வராது, நடித்துப் பழகவேண்டும். ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் தாதியாகவும் நடிப்பார்; மற்றையோர் பார்த்திருந்து, எந்தச் சொல்லிலே பிள்ளை வாயை மூடிற்று என்று சொல்வார்கள். முதல் நாள் எல்லோரும் உபதேசமே செய்வார்கள். மூன்றாம் நாள்தான் வாயை அடக்கிக் காதைத் திறப்பார்கள்.

அடுத்தது இரகசியம். பிள்ளை சொன்னதைத் தாதி ஊருக்குச் சொல்லக்கூடாது. தாயிடம் சொல்வதாயினும் பிள்ளையின் சம்மதத்தோடு, முடிந்தால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு சொல்வதே முறை. ஆனால் இதற்கு எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து, வன்முறை, பிள்ளையைக் கெடுத்தல் என்று வந்தால் இரகசியம் காப்பது தவறாகும். அவ்வெல்லையை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடவேண்டும். நமது சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சம்மதம் சம்மதமாகாது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திலே முறைப்பாடு செய்யலாம். இந்த இலக்கத்தை இங்கிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் மனனம் செய்துகொள்ளுங்கள்.

வாயிலில் இருப்பவரும் ஊழியரே

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திலே, மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நாலாவது ஆளை நாம் மறந்துவிடுகிறோம். வைத்தியருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, இலக்கத் துண்டு கொடுப்பவருக்கும் வாயிற்காவலருக்கும் ஒன்றுமே சொல்வதில்லை. "இன்னாருடைய மகளல்லோ? எதுக்கு வந்தனீ?" என்று வாயிலிலே ஒருவர் கேட்டுவிட்டால், உள்ளே இருக்கும் வைத்தியரின் பயிற்சி எல்லாம் வீண். 2015 இல் உலக சுகாதார நிறுவனம் கட்டிளம் பருவத்தினர் சேவைக்கு எட்டுத் தராதரங்களை வெளியிட்டது. ஊழியரின் திறமை அவற்றுள் ஒன்று. சமூகத்தின் ஆதரவும், இடத்தின் வசதியும், வந்தவர் யாராயினும் பேதமின்றி நடத்துதலும், இளைஞர் தாமே ஆலோசனையிற் பங்குபற்றுதலும் ஏனையவற்றுட் சில. பள்ளிக்கூடம் விட்டபின் திறந்திருக்கும் நேரம், கர்ப்பிணித் தாய்மாரின் வாங்கைக் கடந்து போகவேண்டாத ஒரு வழி, பேச்சு வெளியே கேட்காத ஒரு சிறு அறை: இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒருநாட் பயிற்சியும், மத்தியானச் சாப்பாடும், முடிவிலே ஒரு சான்றிதழும் ஊழியரை மாற்றமாட்டா. கற்றவர் தம் நிலையத்துக்குத் திரும்பியபின், இரண்டு மாதம் கழித்து ஒருவர் சென்று, அவர் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்து, தட்டிக்கொடுத்துத் திருத்தவேண்டும். மேலதிகாரி அதனைப் பொருட்படுத்துவதாகத் தெரிந்தால் ஊழியரும் பொருட்படுத்துவார். அவ்வாறு பின்தொடராத வகுப்புக்கள் பலவற்றை நானே நடத்தியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கற்பித்த படம் சுவரிலே தொங்கும். அதற்குக் கீழே பழைய அதட்டலே கேட்கும்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

"இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாற் கெட்டுப் போவார்களே" என்று பெரியோர் சிலர் மனத்திலே எண்ணுவீர்கள். அவ்வெண்ணம் பிள்ளைகள்மேல் வைத்த அன்பினாலே பிறப்பது. அதனை நான் எள்ளமாட்டேன். ஆனால் பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, முறையாகக் கற்பிப்பதனாற் பிள்ளைகள் முன்னதாகத் தவறுவதில்லை என்றே காட்டுகின்றது. அன்றியும், நாம் சொல்லாவிட்டால் அவர்கள் அறியாதிருப்பார்கள் என்பது இக்காலத்திற் பொய். கையிலிருக்கும் தொலைபேசி இரவு பன்னிரண்டு மணிக்குச் சொல்லிக் கொடுக்கும். அது அன்போடு சொல்லாது, உண்மையாகவும் சொல்லாது.

நமது வழக்கம் ஒன்றைப் பாருங்கள். மகள் பெரிய பிள்ளையானால் மண்டபம் எடுத்து, மாமிமார் தண்ணீர் வார்த்து, படம் பிடித்து, ஊரெல்லாம் அழைத்துச் சாப்பாடு போடுகிறோம். ஐந்நூறு பேருக்குத் தெரிவிக்கிறோம். அப்பிள்ளையின் தேகத்தில் நடந்தது யாது என்று அப்பிள்ளைக்கு மட்டும் சொல்வதில்லை! சடங்கைச் செய்யுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதற்கு முதல் நாள் அரைமணி நேரம் தாய் மகளோடு இருந்து பேசட்டும். தாய்க்குத் தெரியாவிட்டால் பகுதி மருத்துவமாதை வீட்டுக்கு அழைக்கட்டும். அவர் வருவார், அது அவர் கடமை.

பாடசாலையிலே சுகாதார பாடத்தில் அந்த அத்தியாயம் வரும்பொழுது, "இதை வீட்டிலே வாசியுங்கள்" என்று ஆசிரியர் தாண்டிவிடுவதாகப் பிள்ளைகள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் முறையிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அப்பயத்தை நீக்கவேண்டியவர்கள் நீங்களே. மருத்துவமாது ஒரு குமர்ப்பிள்ளையோடு தனியே பேசுவதைக் கண்டால், "என்ன கதைத்தனீங்கள்?" என்று அவரைத் துருவாதீர்கள். அவர் சொல்லாதிருப்பதே உங்கள் பிள்ளைக்குக் காவல்.

வாலிபர்க்கு

வாலிப சகோதரர்களே, உங்களுக்கு மூன்று சொல். ஐயம் வந்தால் மதிலிலுள்ள விளம்பரத்தை நாடாமல், சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்தை நாடுங்கள். அங்கே ஒருவர் உங்களை அதட்டினால், வெட்கிப் போய்விடாமல் அடுத்தவரிடம் கேளுங்கள்; என்னிடம் வந்த பிள்ளை மறுபடி கேட்டிருந்தால் இரத்தம் ஏற்றும் நிலைக்கு வந்திராள். மூன்றாவது, இச்சங்கத்துக்கு ஒரு வேலை. வருடத்துக்கு ஒரு நாளாவது உங்கள் பகுதிச் சுகாதார ஊழியரை இங்கே அழைத்து, கேள்விகளைத் துண்டிலே எழுதிச் செம்பிலே இடுங்கள். பெயர் வேண்டாம். பதில் சொல்லப் பழகுவது அவர்களுக்கும் பயிற்சி. கேட்கப் பழகுவது உங்களுக்கும் பயிற்சி.

அந்தப் பிள்ளையைப் பற்றி அறிய விரும்புவீர்கள். அவள் சுகமானாள்; படித்தாள்; கலியாணம் முடித்தாள். பல வருடங்களின் பின் அவள் தன் மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். "மிஸ்ஸி, இவளுக்கும் என்னைப் போலத்தான் இரத்தம் கூடப் போகுது. யாரிட்டைக் காட்டலாம்?" என்று கேட்டாள். அன்று நான் அவளை விறாந்தையிலே நிறுத்திய பெண். அவள் தன் மகளை என்னிடமே கூட்டி வந்தாள். மகளை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, கதிரையிலே இருத்தி, "சொல்லு பிள்ளை" என்றேன். பின் நான் பேசாமல் இருந்தேன். பிள்ளை பேசினாள்.